நூற்று இருபத்தேழாம் எண்

தம்பி படியேறி வரும்போதே இளித்துக்கொண்டு வந்தான். அந்த இளிப்பைக் கண்டதுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது, ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது. காரியம் இல்லாமல் அவன் அவள் வீட்டு அழைப்புமணியைத் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது.

"என்னக்கா, இப்படி இளைச்சுப் போயிட்டே?"

"ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்டா. உட்காரு. விஷயத்துக்கு வா."

விஷயம், 'தபால்காரன்'. இளவயதில் இருவரும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. நிரல் தம்பியுடையது, இசை அக்காவுடையது. ஒரு தபால்காரன் தன் அம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு ஏழு கோட்டைகளைத் தாண்டி வீடு வந்து சேர வேண்டும். வந்து சேரும்போது அம்மா இறந்துகொண்டிருப்பாள். அவ்வளவுதான் கதை. இன்றைக்குப் பார்த்தால் படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், தபால்காரனுக்கு மூக்கு எது முழங்கால் எது என்று கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு. ஆனாலும் அதற்கென்று பைத்தியம் பிடித்துத் திரிகிற ஒரு கூட்டம் இன்றும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு நிறுவனம் அதைத் தூசி தட்டி மறுபடி வெளியிடப் போகிறது. பெரிய அரங்கில் விழா. 'தபால்காரனின் தந்தை' என்று தம்பிக்குப் பட்டம். தனக்கு என்ன பட்டம் என்று அக்கா கேட்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"படம் பிரமாதமா இருக்குக்கா. பாட்டுதான் காலை வாருது. என் கம்ப்யூட்டர்ல போட்டா தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி கேட்குது. உன்கிட்டதான் அந்தப் பழைய ஒலிப்பெட்டி இருக்கே. நீ வந்து செட் பண்ணிக் குடுத்தா அரங்கமே அதிரும்."

உருட்டத்தான் செய்யும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் பாட்டைப் பதிவு செய்து வைக்க இடம் கிடையாது. இத்தனாம் எண் வாத்தியத்தை எடு, இந்த ஸ்வரத்தை இவ்வளவு அழுத்தி இவ்வளவு நேரம் வாசி என்று கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். மிடி என்று அதற்குப் பெயர். அதைப் படித்து வாசித்துக் காட்டுவது வெளியே இருக்கும் ஒலிப்பெட்டியின் வேலை. சமையல் குறிப்பு மாதிரிதான், குறிப்பு ஒன்று, ருசி சமைக்கிறவர் கையைப் பொறுத்தது. இன்றைய கம்ப்யூட்டர்களில் இலவசமாகக் கொடுத்திருக்கும் கைக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது.

"செஞ்சு குடுக்கலாம்," என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணுக்கா." தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தான். "அம்மா சாகுறப்ப வர்ற கைதட்டல் மட்டும் அப்படியே இருக்கணும். பாதிப் பேர் அதுக்காகத்தான் வர்றாங்க."

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும், ஆனால் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் தம்பிக்கு இல்லாததால் அது அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கைதட்டல் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அம்மா இறக்கும் காட்சிக்கு அக்கா அமைத்த இசையில் ஒரே ஒரு வாத்தியம்தான், ஒரு மணி. அந்த மணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பழைய பெட்டியில் ஒரு வசதி இருந்தது, நமக்கு வேண்டிய ஒலியை நாமே பிசைந்து உருவாக்கி, ஒரு எண் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அக்கா வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்த ஒலியை உருவாக்கி நூற்று இருபத்தேழாம் எண்ணில் வைத்தாள். பாதி தண்ணீர் இருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினால் வரும் ஓசை அது.

அதற்கு முந்தைய வருடம்தான் அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவள். கடைசி மாதங்களில் படுத்த படுக்கை, பேச்சும் போய்விட்டது. எதுவும் வேண்டுமென்றால் தலைமாட்டில் இருக்கும் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். போட்டது போட்டபடி அக்கா ஓடுவாள். தம்பி பக்கத்து அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிரல் எழுதிக்கொண்டிருப்பான். தட்டுவது அவன் காதில் விழாது. விழக் கூடாது என்றுதான் மாட்டியிருந்தானோ என்னவோ, அக்கா அதைக் கேட்டதில்லை. அந்த டம்ளர் ஓசையில், தையல் மெஷினில் உட்கார்ந்து அம்மா முணுமுணுக்கிற மெட்டைக் கோத்துத்தான் அந்த இசை பிறந்தது. தம்பியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. கேட்டால் தானே தெரிந்துகொள்வான் என்று இருந்தாள்.

தம்பி கேட்கவே இல்லை. பாட்டுக்கெல்லாம் நேரமில்லை, அறிமுக விழாவில் கேட்டுக்கொள்கிறேன் என்றான். அந்த விழாவுக்கு யாரோ ஒரு வியாபாரி புதிதாக வந்த வேறொரு ஒலிப்பெட்டியை இரவல் தந்தார். அதில் எண்களின் வரிசையே வேறு. பழைய பெட்டியில் வயலினுக்கு ஓர் எண் என்றால் புதியதில் அது தவிலாக இருக்கும். தம்பி ஒரு மாற்று அட்டவணை போட்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றினான். அக்கா உருவாக்கிய மணிக்கு மட்டும் புதுப்பெட்டியில் இணை கிடையாது. நூற்று இருபத்தேழு நூற்று இருபத்தேழாகவே போனது. புதுப்பெட்டியில் அந்த எண்ணில் இருந்தது கைதட்டல்.

திரையில் அம்மாவின் தலை சாய்ந்தது. தபால்காரன் மண்டியிட்டான். ஒலிபெருக்கியில் சடசடவென்று ஒரு கூட்டமே கைதட்டியது. அரங்கம் ஒரு கணம் திகைத்துப் பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. தம்பி மைக்கைப் பிடித்து, "அக்காவோட ஐடியா இது. அவங்க கொஞ்சம் தமாஷ் பேர்வழி," என்றான். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து அவள் 'கைதட்டல் அக்கா'. அதுதான் அந்தப் பட்டம். இசைக்காக யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரும் தமாஷ் பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். விளையாட்டோ அந்தச் சிரிப்பாலேயே பிய்த்துக்கொண்டு விற்றது. பழைய பெட்டிக்கான பகுதியை நிரலிலிருந்து தம்பி வெட்டி எறிந்துவிட்டான், அதனால் உலகத்தில் யாருமே அந்த மணியைக் கேட்டதில்லை. ரசிகர்களுக்குள் ஒரு வழக்கமே வந்துவிட்டது, எங்கே கூடினாலும் தபால்காரனின் அம்மா சாகும்போது எழுந்து நின்று கூடவே கைதட்டுவார்கள். அக்கா பிழைப்புக்காக ஒலிபெருக்கி அமைக்கும் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், கல்லூரி அரங்கம் என்று எல்லா இடத்திலும் அவள் கட்டிய ஒலிபெருக்கிகள் இருந்தன. இத்தனை வருடத்தில் அவள் புதிதாக அமைத்த இசை, 'பயணிகளின் கவனத்திற்கு' என்ற குரலுக்கு முன்னால் வரும் மூன்று ஸ்வரங்கள் மட்டும்தான்.

ஆனாலும் தம்பியை அவள் பாதி மன்னித்துத்தான் வைத்திருந்தாள். அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பான், மேடையில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உளறியிருப்பான், சின்னப் பையன்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிச் சொல்லி அந்தக் கசப்பை மென்று விழுங்கியிருந்தாள்.

"அது தப்பா வந்ததுதானேடா," என்றாள் இப்போது. "அதையே எதுக்குக் கட்டிக்கிட்டு அழறே?"

"தப்பா? அட போக்கா!" தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். "முந்தின நாளே போட்டுப் பாத்தேனே. விழுந்து விழுந்து சிரிச்சேன். இதைப் போய் மாத்தினா நம்மள மாதிரி முட்டாள் கிடையாதுன்னு அப்படியே விட்டுட்டேன். பாத்தியா, இத்தனை வருஷமா நிக்குது!"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். டம்ளர் நிரம்பி வழிந்து கை நனைந்து புடவை நனைந்த பிறகுதான் குழாயை மூடினாள். தெரிந்தே செய்திருக்கிறான். தெரிந்தே செய்துவிட்டு, அவள் தலையில் கட்டிவிட்டு, இத்தனை வருடம் அவள் போட்ட சோற்றை வந்து வந்து தின்றிருக்கிறான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"சரிடா. பண்றேன்."

"கைதட்டலோட?"

"உன் காதுல கைதட்டல் விழும். அதுக்கு நான் பொறுப்பு."

பல் டாக்டரான அவள் கணவர் அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேஜை முழுக்கக் கம்பிகள். நடுவில் பழைய பெட்டி மல்லாந்து கிடந்தது. உப்பிப்போன மின்தேக்கிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேடையில வச்சே பிடுங்கப் போறியா?"

"வேரோட."

"மரத்துப் போக ஊசி?"

"கிடையாது."

"வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும்ங்க. எனக்கு வலிச்சப்ப யாரு ஊசி போட்டாங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் போய்ச் சாப்பிட்டார்.

பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. அதன் சின்னத் திரையில் பச்சையாக எழுத்துகள் எரிந்தன. ஆனால் கிழட்டுப் பெட்டி, கட்டளைகளைச் சற்று வேகமாக அனுப்பினால் திணறிவிடும், திணறினால் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். மணியும் மற்றவையுமாக அக்கா பழைய வட்டில் சேமித்து வைத்திருந்த ஒலிகளை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சு விட நேரம் கொடுத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்ட வேண்டியிருந்தது. அதுவும் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் நிற்கும். அணைத்தால் போச்சு.

கடைசியில் மணி ஒலித்தது. டிங், டிங்டிங், டிங். அக்கா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குளித்துவிட்டுத் துண்டோடு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாமியாரை அவர் பார்த்ததே இல்லை, கல்யாணத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

"என்ன இது? யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்கு," என்றார்.

அக்கா அழுதுவிட்டாள். அழுது முடித்ததும் கோபம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

அவள் போட்ட திட்டம் சிக்கலானதே இல்லை. விளையாட்டுக்குள் பாட்டு இன்னும் பழைய எண்களில்தான் இருந்தது, அந்த மிடிக் கட்டளைகள் ஒரு கம்பியில் பழைய பெட்டிக்குப் போகும். பழைய பெட்டியின் பின்னால் 'த்ரூ' என்று ஒரு துளை உண்டு, வந்ததை வந்தபடியே அடுத்த பெட்டிக்குக் கடத்தும் துளை. அதிலிருந்து, அன்று கைதட்டிய அதே ரகத்தில் அவள் தேடி வாங்கிய புதுப்பெட்டிக்கு. நடுவில், விளையாட்டிலிருந்து கழற்றி எடுத்த தம்பியின் அதே மாற்று அட்டவணை. ஆக ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளும் வாசிக்கும். ஒன்று மணி அடிக்கும், இன்னொன்று கைதட்டும். எது யார் காதுக்குப் போக வேண்டும் என்பது ஒலிக்கலவை மேஜையில் உட்கார்ந்திருப்பவள் கையில் இருக்கிறது.

விழாவுக்கு முதல் நாள் அரங்கத்தில் ஒத்திகை. தம்பி தானும் உதவுவதாகச் சொல்லி ஒரு கம்பியை எடுத்து 'இன்' துளையிலிருந்து 'இன்' துளைக்கே மாட்டிவிட்டு, சத்தம் வரவில்லையே என்று கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"அவுட்ல வர்றதுதான்டா இன்ல போகணும். ரெண்டு பக்கமும் கேட்கிறவங்களா இருந்தா பேசறது யாரு?"

"நம்ம வீட்டுல எப்பவும் நீ பேசுவே, நான் கேட்பேன்," என்று அசடு வழிந்தான்.

"நீ கேட்டே," என்றாள் அக்கா.

ஒத்திகையில் அரங்க ஒலிபெருக்கிகளுக்கு அவள் புதுப்பெட்டியைத்தான் கொடுத்தாள். வயலின்கள் வழிந்தன, முரசுகள் அதிர்ந்தன, சாவுக்குச் சரியாகக் கைதட்டல் வந்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவனே இன்னொரு ஆசையையும் சொன்னான்.

"பெரிய பாடகர்லாம் காதுக்குள்ள ஒண்ணு செருகிக்கிறாங்களேக்கா, அது எனக்கும் வேணும். மேடையில ஒரு கெத்தா இருக்கும்."

எப்படி மாட்டவைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்ததை அவனே கேட்டான். கடவுள் இருக்கிறார் என்று அக்கா அன்று முடிவு செய்தாள்.

"தர்றேன். ரெண்டு காதுக்கும் தர்றேன். மேடையில எதிரொலி ஜாஸ்தி, கழட்டிடாதே."

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. தலை நரைத்தவர்கள் தபால்காரன் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒலிக்கலவை மேஜை அரங்கின் பின்பக்கம், நடுவில். கணவர் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய பெட்டிக்கு எல்லா ஒலிகளையும் ஊட்டியாகிவிட்டது. வேண்டிய நேரத்தில் வேண்டியது நடக்கத் தயாராக இருந்தது.

அப்போது அரங்கத்து எலக்ட்ரீஷியன் வந்தார். வெள்ளந்தியான மனிதர், ஏணியும் கையுமாக எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர். "அம்மா, மேல ஒரு லைட்டு எரியலை," என்று சொல்லிக்கொண்டே மேஜைக்கடியில் குனிந்து அங்கிருந்த மெயின் சுவிட்சைத் தட்டினார். பச்சை எழுத்துகள் அணைந்தன.

"ஐயோ!"

"ஒரே நிமிஷம்மா, இதோ போட்டுட்டேன்." போட்டுவிட்டார். பெட்டி விழித்துக்கொண்டது, ஆனால் பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டது. மணி போய்விட்டது.

மேடையில் தம்பி விளையாட்டைத் தொடங்கக் காத்திருந்தான். தொடங்கிவிட்டால் ஒலிகளை ஏற்ற முடியாது. வேகமாக ஏற்றலாம் என்றால் பெட்டி திணறிவிடும். இந்த ஒரு நாளை விட்டால் இன்னொரு நாள் கிடையாது. நல்லவேளை, சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். இளமைக்காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தொடங்கினார். அவருக்கு முடிக்கிற உத்தேசமே இல்லை. நீளமான பேச்சுக்கு அக்கா தன் வாழ்க்கையில் நன்றி சொன்னது அன்று மட்டும்தான்.

"பேசுங்க சார், பேசுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு ஒலியாக ஊட்டினாள். கூட்டம் நெளிந்தது. கடைசி ஒலியும் ஏறியபோது விருந்தினர் நன்றி வணக்கம் சொன்னார். எல்லாரும் ஆசுவாசமாகக் கைதட்டினார்கள்.

விளையாட்டு தொடங்கியது. ஏழாவது கோட்டையிலிருந்து ஒரு ரசிகர் விளையாட, தம்பி மேடையில் நடந்து நடந்து கதை சொன்னான். சட்டையில் மைக், இரண்டு காதிலும் வெளிச்சத்தம் புகாத காதுச் செருகிகள். அரங்கத்துக்குப் பழைய பெட்டி, தம்பியின் காதுக்குப் புதுப்பெட்டி. வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை, தெரிய வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. தபால்காரன் கடைசி வாயிலைத் தாண்டினான். வீட்டுக் கதவைத் திறந்தான்.

"வரப்போகுது!" என்று தம்பி கத்தினான். "எல்லாரும் எழுந்திருங்க! தயாரா?"

அரங்கமே எழுந்தது. கைகள் உயர்ந்தன. திரையில் அம்மாவின் தலை சாய்ந்தது. எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள்.

டிங்.

முன்வரிசைக்காரர்களுக்குப் புரியவில்லை. டிங்டிங், டிங். கைதட்டல் அங்கங்கே தளர்ந்தது. தட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது, மெதுவாக, பொறுமையாக, வருவார்கள் என்று நம்பித் தட்டுகிற கை மாதிரி. உயர்ந்த கைகள் இறங்கின. தொப்பி போட்ட ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அரங்கம் அடங்கிவிட்டது.

மேடையில் ஒருவன் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் காதுக்குள் ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்ததால் கூட்டத்தின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. "அப்படித்தான்! இன்னும்! இன்னும்!" என்று கூவினான். அவன் தட்டுவது சட்டை மைக் வழியாக அரங்கம் முழுக்க டப்டப்பென்று விழுந்தது. அம்மா செத்துக்கிடக்க, மகன் குதித்துக் குதித்துக் கைதட்டினான்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதற்காகத்தானே. ஊரே பார்க்கட்டும். ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "மணி சரியாக் கேட்கலையேம்மா," என்றார்.

கேட்கவில்லைதான். அவனுடைய டப்டப்புக்கு அடியில் மணி மறுபடி அமுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் அமுக்கினான், இன்றைக்கு அவனை அவமானப்படுத்துகிறேன் என்று அவளே அமுக்குகிறாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பியின் மைக் விசையைப் பிடித்து அடிவரை இழுத்தாள். அவன் சத்தம் அறுந்தது. மணி மட்டும் நின்றது, தெளிவாக, யார் குறுக்கீடும் இல்லாமல், அவள் எப்படி உருவாக்கினாளோ அப்படியே. அதன் கீழே அவன் வாயைத் திறந்து திறந்து மூடி, சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தான், சாவி கொடுத்த பொம்மை மாதிரி. பழி வாங்க அதுவே மேலாக இருந்தது.

யாரோ விசும்பினார்கள். மேடை ஓரத்தில் நின்ற நிறுவனத்துக்காரர் தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார், நிறுத்து, நிறுத்து என்று. தம்பி திகைத்தான். இடது காதிலிருந்து செருகியை உருவினான்.

டிங், டிங்டிங். டிங்.

அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இசை முடிந்துவிட்டது. அவன் கைகள் தட்டப்போன நிலையிலேயே அந்தரத்தில் நின்றன. முகத்தில் இருந்த இளிப்பு ஒவ்வொரு பாகமாகக் கழன்று விழுந்தது. அக்கா இருந்த தூரத்துக்கும் அது நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டம் கைதட்டியது. பின்பக்கம் திரும்பி, அவளைப் பார்த்துத் தட்டியது.

கூட்டம் கலைந்தது. எத்தனையோ பேர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் போன பிறகு தம்பி வந்தான். சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்து அக்கா வார்த்தைகளைக் கூர் தீட்டி வைத்திருந்தாள். ஆனால் அவன் மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றான். செருகிகள் கழுத்தில் தொங்கின.

"அக்கா," என்றான். "அது அம்மா டம்ளரா?"

அக்கா கம்பியைச் சுருட்டினாள்.

"அம்மா டம்ளர்தானே? நடுராத்திரி தட்டுவாளே... மெட்டும் அம்மாவோடதா? எனக்குக் கடைசிதான் கேட்டுச்சு. முதல்லேருந்து ஒரு தடவை போடுக்கா. ஒரே தடவை."

அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கத் தெரிந்தவன்தான், ஆனால் இது பொய் இல்லை, அக்காவுக்குத் தெரியும். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியின் பச்சை எழுத்துகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே மணி பத்திரமாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அக்கா குனிந்து சுவிட்சை அணைத்தாள்.

"அம்மா தட்டினப்பவும் உன் காதுல மாட்டித்தான்டா இருந்தே," என்றாள்.

பெட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் அவன் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.